அரசே வேண்டாம் என்பவர்கள் அகிம்சையைப் பிடித்துக்கொள்வது ஏன்?

ஒருவரை மிரட்டி இன்னொருவர் ஆள்வது தவறு, அதனால் அரசும் வேண்டாம், மக்கள் தாங்களாகவே கூடிப் பேசி ஊரை நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் அனார்க்கிசம்.

இதற்கும் அகிம்சைக்கும் முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய். எந்த அரசும் கடைசியில் போலீஸ், ராணுவம், சிறை இவற்றை நம்பித்தான் நிற்கிறது. அதை அடித்துக் கவிழ்த்தால் துப்பாக்கி கை மாறுமே தவிர வேறொன்றும் மாறாது என்பது அவர் வாதம். பிள்ளையிடம் "கத்தாதே" என்று கத்திச் சொல்வது மாதிரி.

1895-இல் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த காகசஸ் பகுதியில் டுகோபோர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் (அவர்கள் தங்களை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை) தங்கள் ஆயுதங்களைக் குவித்துக் கொளுத்திவிட்டு, பட்டாளத்தில் சேர மாட்டோம் என்றார்கள். அரசின் கோசாக் குதிரைப்படை அவர்களைச் சாட்டையால் விளாசியது. 1899-இல் அவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடா போய்ச் சேர, டால்ஸ்டாய் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தைக் கொடுத்து உதவினார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணைக்குப் பெயர் வந்ததும் இவரால்தான், அங்கே தமிழ்ச் சத்தியாகிரகிகளின் குடும்பங்களும் இருந்தன.

எல்லா அனார்க்கிஸ்ட்டும் இப்படியில்லை. 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைச் சுட்டவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

அப்புறம், அகிம்சை என்றால் அடங்கிப்போவது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் டால்ஸ்டாய் சொன்னது வரி கட்டாதே, ராணுவத்தில் சேராதே என்று, இதைக் கேட்டு எந்த அரசும் நிம்மதியாகத் தூங்காது.