அம்மாவுக்கு இன்சுலின்: முடிவெடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, பத்து வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 10.2 விழுக்காடு வந்ததால் அரசாங்க கிளினிக் டாக்டர் இன்சுலின் ஊசி தொடங்கச் சொல்கிறார். ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் அந்தப் பயம் தீரட்டும். இன்சுலின் கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் ஏறியே கிடக்கும் சர்க்கரைதான் கெடுக்கிறது. பலருக்கு நோய் முற்றிய பிறகே ஊசி தொடங்குவதால், பழி ஊசி மேல் விழுகிறது.

டாக்டரிடம் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ மட்டும்தான் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். ஊசியால் அம்மாவுக்கு என்ன நன்மை, என்ன தொல்லை, மாத்திரையை மாற்றிப் பார்க்க இடமுண்டா, மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தொல்லை இல்லாமல் இல்லை: சர்க்கரை சட்டென்று இறங்கலாம், எடை கூடலாம். ஆனால் அம்மா மெலிந்துகொண்டே வந்தால், ஓயாத தாகமும் சிறுநீரும் இருந்தால், பொறுக்கவே வேண்டாம்.

விழுக்காட்டில் பதில் வந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 1998இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், புதிதாக இனிப்பு நீர் கண்டவர்களிடம் சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தியபோது கண், கிட்னி போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பு 25 விழுக்காடு குறைந்தது. அதாவது, ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 114 என்பது 86 ஆனது. இரண்டும் உண்மைதான், ஆனால் மனத்தில் ஒரே மாதிரி பதிவதில்லை. அம்மாவின் அளவுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதை டாக்டரே சொல்லட்டும்.

டாக்டருக்குத் தெரியாத பாதி உங்களிடம் இருக்கிறது. அம்மா எத்தனை மணிக்குப் பசியாறுகிறார், மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா, வீட்டில் ஊசி போட யார் இருக்கிறார்கள், தைப்பூசத்துக்கு விரதமிருந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறுவாரா? ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது ஆபத்து. முன்கூட்டியே சொன்னால் அளவை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.

ஜாமு (பாரம்பரிய மூலிகை மருந்து), மூலிகைத் தூள் குடிக்கிறார் என்றால் அதையும் மறைக்காதீர்கள். பதிவில்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது நம் நாட்டில் பிடிபட்டிருக்கிறது. அது சர்க்கரையை ஏற்றும். பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

கிளினிக்கை விட்டுக் கிளம்புமுன், டாக்டர் சொன்னதை அம்மாவே தமிழில் உங்களிடம் திருப்பிச் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாரோ, அதை அங்கேயே மறுபடி கேளுங்கள்.