குடியிருப்பது ஒரு நாடு, பாஸ்போர்ட் இன்னொரு நாடு: விசிட்டர் விசா கேள்வி பதில்

பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு டிராவல்ஸில் விசா மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். இங்குள்ள தமிழ் நண்பர்கள் சேர்த்து அனுப்பிய கேள்விகளில் ஒரு வகையை மட்டும் இப்போது எடுத்துக்கொண்டேன்: சொந்த நாட்டுக்கு வெளியே குடியிருந்துகொண்டு, மூன்றாவது ஒரு நாட்டுக்கு ஊர் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களின் கேள்விகள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. இந்த மாதிரி விண்ணப்பத்தில் பேங்க் பேலன்ஸை விட முக்கியமானது, நீங்கள் வசிக்கும் நாட்டின் குடியிருப்பு அனுமதி இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்பது. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிப் போக உங்களுக்கு ஒரு நாடு இருக்கிறதா என்றுதான் அதிகாரி பார்க்கிறார். கீழே உள்ள பதில்களில் பாதி இதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான்.

கேள்வி (ராமமூர்த்தி நகர்): சார், நான் ரியாத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். மனைவி பெங்களூரில்தான் இருக்கிறார். இங்கேயே இருவருக்கும் ஷெங்கன் விசா போட்டு, அடுத்த லீவில் பாரிஸ் போகலாமா?

மனைவிக்கு இங்கே போடுங்கள். உங்களுக்கு ரியாத்தில் போடுங்கள்.

சட்டப்படி எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் வாங்கிக்கொள்ள ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் குடியிருக்கும் நாட்டில் ஏன் போட முடியவில்லை என்று நீங்கள் காரணம் காட்ட வேண்டும். அதை ஏற்பதும் ஏற்காததும் தூதரகத்தின் இஷ்டம். அடுத்த லீவுக்குத்தானே போகிறீர்கள், அப்படியென்றால் காட்டுவதற்குக் காரணமே இல்லை.

அதைவிடப் பெரிய தலைவலி பாஸ்போர்ட். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம். உங்கள் லீவோ ஒரு மாதம். பாஸ்போர்ட் அங்கே மாட்டிக்கொண்டால் ரியாத் டிக்கெட்டும் போச்சு, கம்பெனிக்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

இருவரும் ஒரே நாட்டின் தூதரகத்துக்கு, ஒரே தேதிகளுக்கு, ஒரே ஹோட்டல் புக்கிங்கோடு போடுங்கள். முதலில் போடுகிறவருடைய விண்ணப்ப எண்ணை மற்றவர் கவரிங் லெட்டரில் குறிப்பிடட்டும். திருமணச் சான்றிதழ் நகல் இரண்டு கட்டிலும் இருக்கட்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு.

உங்கள் பக்கம் இக்காமாவோடு (சவுதி குடியிருப்பு அட்டை) எக்சிட் ரீ-என்ட்ரியும் (வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதி) வேண்டும், அதன் தேதி முழுப் பயணத்தையும் தாங்க வேண்டும். ரியாத்திலிருந்து பாரிஸ், அங்கிருந்து பெங்களூர், பிறகு ரியாத் என்றால் சவுதியை விட்டு ஒருமுறைதான் வெளியேறுகிறீர்கள், சிங்கிளே போதும்.

இன்னொரு விஷயம். 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது: மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி, அதற்குப் பிறகு ஐந்து வருடம். இந்தியாவில் குடியிருந்து இந்தியாவிலேயே விண்ணப்பிக்கும் இந்தியருக்குத்தான் அது. உங்கள் மனைவி அதில் வருவார், நீங்கள் வர மாட்டீர்கள். நாளை அவருக்கு இரண்டு வருடமும் உங்களுக்கு இருபது நாளும் கிடைத்தால் வீட்டில் சண்டை போடாதீர்கள்.

கேள்வி (ஜெயநகர்): அண்ணா, நான் யாழ்ப்பாணம். பெங்களூரில எம்.எஸ்சி. படிக்கிறன், இலங்கைக் கடவுச்சீட்டு. அக்கா பாரிசில குடும்பத்தோட இருக்கிறா. கோடை விடுமுறைக்கு அவவிட்டப் போய் வர விருப்பம். கொழும்புக்குப் போய்த்தான் விசா எடுக்க வேணுமோ? இங்க எடுத்தா இந்தியாக்காரர் இல்லையெண்டு தள்ளிவிடுவாங்களோ?

தள்ள மாட்டார்கள் தங்கச்சி. நீங்கள் சட்டப்படி குடியிருப்பது கர்நாடகாவில், எனவே இங்கேதான் உங்கள் இடம். விண்ணப்பப் படிவத்திலேயே, குடியுரிமை உள்ள நாட்டுக்கு வெளியே வசிக்கிறீர்களா, ஆம் என்றால் அனுமதி எண் என்ன, எதுவரை செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்தது அது. பலர் அதை அவசரத்தில் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள்.

இனி உங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் என்பதால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்திருப்பீர்கள். அதில் கிடைத்த ரெசிடென்ஷியல் பெர்மிட்தான் உங்கள் குடியிருப்புச் சான்று. அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, முடியும் தேதி. நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது மிச்சம் இருக்கட்டும்; பல தூதரகங்கள் அதை எதிர்பார்க்கின்றன. ஜூலையில் திரும்பி ஆகஸ்டில் முடிகிறது என்றால், முதலில் நீட்டிப்பு, பிறகுதான் விசா. இரண்டு, பாஸ்போர்ட் எண். இடையில் புதுக் கடவுச்சீட்டு எடுத்திருந்தால் பெர்மிட்டில் பழைய எண் நின்றிருக்கும். இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்திலேயே அதை மாற்றலாம். மூன்று, முகவரி. ஹாஸ்டலை விட்டு ஜெயநகர் வீட்டுக்கு மாறியதை அங்கே சொன்னீர்களா? சொல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம் ஒரு முகவரி சொல்லும், பெர்மிட் வேறு சொல்லும். ஏதாவது சிக்கினால் சாந்திநகர் பி.எம்.டி.சி. பஸ் நிலையக் கட்டடத்தில்தான் எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகம், ஆனால் பெரும்பாலான வேலை ஆன்லைனிலேயே முடியும்.

அப்புறம் உங்கள் இந்திய விசாவைப் பாருங்கள். மல்டிபிள் என்ட்ரியா? சிங்கிள் என்றால் வெளியே போன பிறகு அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. அதைச் சரி செய்யாமல் பாரிஸ் டிக்கெட் பார்க்கவே வேண்டாம்.

அக்கா பக்கம் ஒரு வேலை இருக்கிறது. உறவினர் வீட்டில் தங்குவதென்றால், அவர் தன் ஊர் நகராட்சியில், அதாவது மேரியில், தங்கவைக்கும் சான்று ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். பிரான்சில் இருப்பவர்களுக்கு 'அத்தெஸ்தாசியோன்' என்றாலே தெரியும். 30 யூரோ முத்திரைக் கட்டணம். மேரியில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகலாம், அக்காவை இப்போதே போகச் சொல்லுங்கள். அசலைக் கூரியரில் அனுப்பட்டும், வாட்ஸ்அப் படம் போதாது. அக்காவும் நீங்களும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் காட்ட இருவரின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு.

கல்லூரிக் கடிதத்தில் "இவர் எங்கள் மாணவி" என்று மட்டும் இருந்தால் பலன் குறைவு. விடுமுறை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அடுத்த செமஸ்டர் எப்போது தொடங்குகிறது, படிப்பு எப்போது முடிகிறது என்று மூன்று தேதியும் வரட்டும். கடைசி செமஸ்டர் முடித்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். படிப்பு முடிந்த மாணவி திரும்பி வர எதுவும் பாக்கியில்லை என்று அதிகாரி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி (மல்லேஸ்வரம்): ஐயா, மகன் நியூ ஜெர்சியில் எச்-1பி. பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது, ஆனால் ஐ-797 இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நாங்கள் இங்கிருந்து, அவன் அங்கிருந்து, இத்தாலியில் சந்திக்கலாம் என்று ஆசை.

அம்மா, மகனுக்கு இதில் இரண்டு தடை. அமெரிக்காவில் இருந்துகொண்டு இத்தாலி விசா கேட்கும்போது, திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய முடியும் என்று காட்டச் சொல்வார்கள். ஐ-797 என்ற அனுமதிக் கடிதம் அங்கே தங்கி வேலை பார்க்கத்தான் உதவும், விமானம் ஏறித் திரும்ப வர ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, வேண்டும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய் வந்தால் பழைய ஸ்டாம்பிலேயே நுழைய ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவுக்கு அது கிடையாது.

ரோமிலேயே ஸ்டாம்பிங் முடித்துக்கொள்ளலாமே என்று அவருடைய நண்பர்கள் யாராவது சொல்வார்கள். முன்பு அப்படிச் செய்தவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, குடியுரிமை உள்ள நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் மகனுக்கு அது இந்தியாதான். எனவே அவர் முதலில் ஊருக்கு வந்து ஸ்டாம்பிங் முடிக்கட்டும், இத்தாலி அதற்குப் பிறகு. ஸ்லாட் கிடைக்காமல் இங்கே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தால், நீங்கள் அமெரிக்கா போவதுதான் நல்லது.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): தம்பி லண்டனில் வேலையில் இருக்கிறான். ஸ்பெயின் விசாவுக்கு பி.ஆர்.பி. கார்டு கேட்கிறார்கள் என்கிறான், அவனுடையது 2024 டிசம்பரோடு முடிந்ததாகப் போட்டிருக்கிறது. விசாவே போய்விட்டதா?

இல்லை. பிரிட்டன் பி.ஆர்.பி. என்ற குடியிருப்பு அட்டையை விட்டுவிட்டு இ-விசாவுக்கு மாறிவிட்டது. அதனால் பலருடைய அட்டையில் 31.12.2024 என்றே அச்சடித்திருந்தது, உள்ளே இருக்கும் அனுமதி வேறு தேதி வரை ஓடும். பிரிட்டன் விசா துறையான யு.கே.வி.ஐ.யின் கணக்கில் நுழைந்து ஷேர் கோடு (அனுமதியை மற்றவர் சரிபார்க்க உதவும் குறியீடு) எடுத்து, நிலை காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து, பழைய அட்டை நகலோடு வைக்கட்டும். கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

கேள்வி (இந்திராநகர்): நான் மலேசியத் தமிழன், இங்கே எம்ப்ளாய்மென்ட் விசாவில் இருக்கிறேன். ஜெர்மனி, லண்டன் போக என்ன செய்ய வேண்டும்?

மலேசிய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். லண்டனுக்கு ஆன்லைனில் வாங்கும் இ.டி.ஏ. என்ற பயண அனுமதி போதும். அமெரிக்காவுக்குத்தான் விசா வேண்டும். சிங்கப்பூர்க்காரருக்கு உள்ள விசா விலக்குச் சலுகை உங்களுக்கு இல்லை. இங்கே குடியிருப்பதால் அமெரிக்க விசாவை இந்தியாவிலேயே போடலாம். இந்திய விசா மல்டிபிள் என்ட்ரிதானா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம்): பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக முடியாது என்கிறார் ஏஜென்ட். மருமகனுக்கும் அதே கதை, ஆனால் அவர் அங்கேதானே வேலை செய்கிறார்?

தமிழர்களுக்கென்றே வந்த தொல்லை இது. 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் விசிட், டூரிஸ்ட் விசா கொடுப்பதில்லை. குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மருமகன் தப்பியது அதனால்தான். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகவும் அப்போதே விளக்கம் வந்தது. ஏஜென்ட் அதைக் கேட்டுப் பார்த்தாரா என்று விசாரியுங்கள். எனக்குக் கேட்டால், லால்பாக் ரோடு பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் ரீ-இஷ்யூ போட்டு அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். இன்று துபாய், நாளை வேறு நாடு.

மருமகனும் ஒன்று கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை மாற்றினால் எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு, சம்பளச் சான்று எல்லாவற்றிலும் அதே பெயர் வர வேண்டும். பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்ரமணியன்', பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 'எஸ். முருகன்' என்று இருந்தால் நமக்கு அது ஒரே ஆள். ஐரோப்பியத் தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது.

கேள்வி (ஹெப்பால்): என் மனைவி இலங்கைக் குடியுரிமை, நான் இந்தியன், இருவரும் இங்கே இருக்கிறோம். கனடா விசிட்டர் விசா இருவருக்கும் வந்துவிட்டது. டிக்கெட் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக. விமான நிலையத்தை விட்டு வெளியே வர மாட்டோம். அவருக்கு ஏதாவது வேண்டுமா?

நல்லவேளை, கனடா விசா வந்த பிறகு கேட்கிறீர்கள். ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா கேட்கும் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, எங்கே குடியிருந்தாலும் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். ஆனால் செல்லுபடியாகும் கனடா, அமெரிக்கா அல்லது ஜப்பான் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது நினைவில் இல்லாமல் போகலாம், சற்று முன்னதாகவே போய்விடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்.

கேள்வி (பனசங்கரி): அண்ணன் அபுதாபியில். ஷெங்கன் விசா மறுத்துவிட்டார்கள், "திரும்பிச் செல்லும் நோக்கத்தில் நியாயமான சந்தேகம்" என்று காரணம். கணக்கில் பத்து லட்சம் போட்டு, டம்மி டிக்கெட்டோடு உடனே மறுபடி போடலாம் என்கிறார் அங்குள்ள ஏஜென்ட்.

அண்ணனுடைய ரெசிடென்ஸ் எத்தனை மாதம் மிச்சம் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு மாதம் என்றால் காரணம் அதுதான், பணம் இல்லை. திடீரென்று வந்து விழுந்த பத்து லட்சம் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்யும், யாருடைய பணம் என்று கேட்டால் என்ன சொல்வார்?

டிக்கெட் விஷயத்தில் நான் கறார். ஏர்லைனில் உண்மையாகப் பதிவாகி, பணம் கட்டாமல் நிறுத்தி வைத்த ரிசர்வேஷன் வேறு. கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றி அச்சடித்த தாள் வேறு. இரண்டாவது மாட்டினால் அந்த விசாவோடு போகாது. பிரிட்டன் ஏமாற்று வேலைக்குப் பத்து வருடம் தடை போடும், அமெரிக்கா ஆயுளுக்கும் மூடிவிடும். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, படிவத்தில் இருப்பது அண்ணன் கையெழுத்து.

மறுப்புக் கடிதத்தோடு மேல்முறையீட்டு உரிமையும் எழுதியிருக்கும். அவர்கள் காகிதத்தைத் தவறாகப் படித்திருந்தால் அதைப் பயன்படுத்தலாம். குறை நம் பக்கம் என்றால் ரெசிடென்ஸைப் புதுப்பித்து, கம்பெனியிடம் லீவு தேதியும் திரும்ப வேலையில் சேரும் தேதியும் போட்ட என்.ஓ.சி. வாங்கி, முன்பு மறுத்ததை மறைக்காமல் கவரிங் லெட்டரில் எழுதிப் புதிதாகப் போடட்டும். பழைய விண்ணப்பமும் கைரேகையும் அவர்கள் கணினியில் இருக்கும், மறைத்தாலும் தெரிந்துவிடும்.