பூங்கா யாருடையது? குடியிருப்போர் நலச் சங்கங்கள்: கேள்வி பதில்

சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் 17 ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த மாநகராட்சி இடம் பூங்காவானதைக் கூடவே நின்று பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மடிப்பாக்கம்: மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' என்று இருக்கிறது. நேரில் போனால் லாரி நிற்கிறது, ஒரு ஓரத்தில் ஷெட் போட்டிருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் லாரிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். காகிதத்தைத் தேடுங்கள். 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் தர வேண்டும். அதைத்தான் எல்லாரும் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்கிறார்கள். அந்த நிலத்தைத் தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்தார்களா என்பதுதான் கேள்வி. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். பத்திரம் தென்பட்டால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அங்கீகரித்த வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டும் கைக்கு வந்ததும் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் இரண்டு வருடம் இழந்தோம். "அடுத்த வாரம் வேலி போட்டுவிடுவோம்" என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். வந்தவருக்கு எங்களை யாரென்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

போரூர்: சங்கத்தைப் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்?

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர். சங்க விதிகளை எழுதிக்கொண்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பதிவு செய்வது சுலபம். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்வதில்தான் பல சங்கங்கள் படுத்துவிடுகின்றன.

பெரம்பூர்: பூங்காச் செலவுக்கு வீட்டுக்கு வீடு பணம் வாங்கலாமா?

வாங்கலாம். ரசீது கொடுங்கள், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. 1989-இல் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பு தொடங்கி, தெருத் தெருவாகக் கிளைகள் வந்தபோது, வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வாங்கித்தான் குப்பை எடுக்க மூன்று சக்கர வண்டியும் ஆளும் வைத்தார்கள். பணம் கொடுத்தவருக்குத் தினமும் காலையில் அந்த வண்டி கண்ணில் பட்டது. உங்கள் பணம் எங்கே போனது என்பதும் அப்படித் தெரிய வேண்டும். மாதக் கணக்கைப் பூங்கா வாசலிலேயே ஒட்டுங்கள்.

வளசரவாக்கம்: தெருநாய்த் தொல்லைக்கு வழி?

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதியுங்கள்.

அசோக் நகர்: பகலில் திறந்து வைத்தால் யார் யாரோ வந்து படுத்துக்கொள்கிறார்கள். காலை 10 முதல் மாலை 4 வரை சங்கமே பூட்டி வைக்கலாமா?

கூடாது. மாநகராட்சி இடத்துக்கு நேரம் குறிப்பது மாநகராட்சி. சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

திருவான்மியூர்: அவர் கேட்டதில் என்ன தவறு மேடம்? காவலாளிக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம், செடிக்கு நாங்கள் தண்ணீர் வாங்குகிறோம். எங்களுக்கு ஒரு சொல் இருக்கக் கூடாதா?

சொல் இருக்கட்டும் சார், பூட்டு வேண்டாம். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பல ஆண்டுகளாகப் பராமரிப்பது சுந்தரம் ஃபைனான்ஸ் என்ற தனியார் நிதி நிறுவனம். ஞாயிற்றுக்கிழமையில் மைக் இல்லாமல் கச்சேரிகூட நடத்தினார்கள். அதனால் பூங்கா அவர்களுடையது ஆகிவிட்டதா? பராமரிப்பது ஒரு சேவை. சேவை செய்தவருக்கு நிலத்தில் பாத்தியதை வராது.

அம்பத்தூர்: நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மதியம் இரண்டரைக்கு மேல் ஆர்டர் குறையும். நிழலில் அரை மணி நேரம் உட்காரப் பூங்காவை விட்டால் வேறு இடம் இல்லை. படுப்பவர்களில் நானும் ஒருவன் அம்மா.

தம்பி, நீங்கள் எழுதியதை அந்த இரண்டு பேரும் படிக்க வேண்டும். உச்சி வெயிலில் மர நிழல் யாருக்குத் தேவை? வீட்டில் மின்விசிறி சுழல்கிறவருக்கு இல்லை. அடுத்த வீட்டு வேலைக்கு இன்னும் நேரமிருக்கும் அம்மாவுக்கு, காரை வெளியில் நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு, உங்களுக்கு. எங்கள் பூங்காவையும் ஒரு வருடம் பகலில் பூட்டி வைத்திருந்தோம். பூட்டச் சொன்ன தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஒருநாள் தெரு கூட்டுகிற அம்மா, பூட்டிய கேட்டுக்கு வெளியே, கம்பி நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். அதைப் பார்த்த பிறகு அடுத்த கூட்டத்திலேயே பூட்டை எடுக்கச் சொன்னேன்.

கொளத்தூர்: சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர்?

மேலே போரூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வேளச்சேரி: என்ன மரம் வைக்கலாம்? சீக்கிரம் வளர வேண்டும்.

சீக்கிரம் வளர்வதைக் கேட்காதீர்கள். 2016 வர்தா புயலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் சீக்கிரம் வளர்ந்த குல்மோகர்தான் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. புங்கை, பூவரசு, மகிழம், புன்னை வையுங்கள். அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் போட விடாதீர்கள், வேர் மூச்சுவிட மண் வேண்டும். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிய இடத்தை நிழல் அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 முதல் நம் ஊர் மரங்கள் வைத்தே மரப்பூங்காவாக்கினார்கள். நட்டுவிட்டுப் போகவில்லை, விடாமல் வந்து களை எடுத்தார்கள், வேரடியில் சருகு பரப்பி மூடாக்குப் போட்டார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முகப்பேர்: பதிவுக்கு ஏழு பேரா, பத்துப் பேரா?

ஏழு. இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன்.

அசோக் நகர்: மேடம், முதலில் கேட்டவன்தான். 15 நாள் திறந்து வைத்துப் பார்க்கிறோம். ஆனால் கழிப்பறையை எப்போதும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

ரொம்ப சந்தோஷம் சார். கழிப்பறைக்கு இன்றே 1913-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள், அந்த எண்ணைப் போட்டு மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுங்கள். அது திறக்கும்வரை வாசலில் ஒரு மண்பானையும் டம்ளரும் வையுங்கள். தினமும் பானையைக் கழுவ ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள்.