ஒரே படத்தை ஆயிரம் பேர் வெவ்வேறு நேரத்தில் கேட்டால், ஆளுக்கொரு ஸ்ட்ரீம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆயிரம் என்ன, லட்சம் பேர் வந்தாலும் பேண்ட்வித் (அனுப்பத் தேவைப்படும் கொள்ளளவு) ஒரு துளியும் அதிகமாகாது.

2 மணி நேரப் படம், கையில் 6 சேனல். 20 நிமிடத்துக்கு ஒரு சேனலில் படத்தை ஆரம்பித்துவிட்டால் யாரும் 20 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். டிடிஎச்சில் கட்டணப் படங்கள் இப்படித்தான் ஓடின. ஆனால் இது பெரிய விரயம். இப்போது உட்காருபவருக்குக் கிளைமாக்ஸ் தேவைப்படுவது கிட்டத்தட்ட 2 மணி நேரம் கழித்து, அதையும் ஏன் முதல் காட்சி மாதிரியே 20 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும்?

இந்த இடத்தைப் பிடித்துத்தான் 1998-இல் தைவானின் ஜுன், செங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முறையைச் சொன்னார்கள். 3 சேனலை வைத்துப் பார்ப்போம். படத்தை 7 சமத் துண்டாக வெட்டுங்கள். முதல் சேனலில் 1-ஆம் துண்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டாவதில் 2, 3 மாறி மாறி, மூன்றாவதில் 4, 5, 6, 7. உங்கள் செட்-டாப் பெட்டி மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கிச் சேமிக்கும். நீங்கள் 1-ஐப் பார்க்கும்போது இரண்டாவது சேனலில் 3 ஓடினால் அது சேமிப்புக்குப் போகும், அடுத்து 2 நேரடியாக வரும், அது முடியும்போது 3 தயார். எந்த நேரத்தில் நுழைந்தாலும் தடங்கலே வராது, தாளில் போட்டுப் பாருங்கள், அழகாக இருக்கும். 1-ஆம் துண்டு மறுபடி ஆரம்பிக்கும் வரைதான் காத்திருப்பு, எனவே இதையே 6 சேனலில் செய்தால் 63 துண்டு, காத்திருப்பு 2 நிமிடத்துக்கும் குறைவு!

இன்னும் சிக்கனமாக்கலாம். 10-ஆம் துண்டு 10 துண்டு நேரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், அதாவது அதற்குச் சேனலில் 1/10 பங்குதான் தேவை என்பதால், கணக்குப்படி 1 + 1/2 + 1/3 என்று 1/63 வரை கூட்டினால் சுமார் 4.73 சேனல்தான் தேவை. அதை நெருங்கும் பகோடா முறை 3 சேனலில் 9 துண்டை அடக்கிவிடுகிறது.

விலை என்னவென்றால், பெட்டி எல்லாச் சேனலையும் ஒருசேர வாங்க வேண்டும், பாதிப் படம் வரை சேமிக்க இடமும் வேண்டும்.

அப்புறம் ஏன் நெட்ஃபிளிக்ஸ் ஆளுக்கொரு ஸ்ட்ரீம் அனுப்புகிறது என்று கேட்பீர்கள். பொது இணையத்தில் ஒன்றை அனுப்பிப் பலர் வாங்கும் மல்டிகாஸ்ட் முறை ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கைத் தாண்டிப் போவதில்லை, பார்ப்பவர்களும் நிறுத்துவார்கள், தாவுவார்கள், ஒவ்வொருவர் இணைய வேகமும் வேறு. அதனால் சர்வர்களை இணைய நிறுவனங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். செயற்கைக்கோள், கேபிள் போன்றவற்றுக்கு மேலே சொன்ன முறைதான் பொருத்தம், அதுவும் எல்லாரும் பார்க்கும் சில படங்களுக்கு மட்டும். நாலு பேர் கேட்கும் பழைய படத்துக்குத் தனி ஸ்ட்ரீமே மலிவு.