வெண்பன்றிக்கு ஈரல் டானிக் தேவைதானா?

கேள்வி: இறைச்சிக்காக 40 வெண்பன்றிகள் வளர்த்து வருகிறேன். உணவகக் கழிவை வேகவைத்துக் கொடுப்பதோடு, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, அரிசித் தவிடு ஆகியவற்றை நானே அரைத்துக் கலந்த தீவனமும் கொடுக்கிறேன். கடந்த இரண்டு மாதங்களில், நன்றாகத் தின்று வளர்ந்துகொண்டிருந்த மூன்று குட்டிகள், எல்லாம் பத்து வார வயதை ஒட்டியவை, காலையில் பார்க்கும்போது இறந்து கிடந்தன. விற்ற பன்றிகள் சிலவற்றின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்ததாகச் சொல்லி இறைச்சிக் கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். மருந்துக் கடையில் ஈரல் டானிக், வைட்டமின் ஈ–செலினியம் பவுடர், கோலின் ஆகிய மூன்றையும் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா? அளவைக் கூட்டினால் பலனும் கூடுமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. இரண்டும் ஈரலில் தெரிவதால் மட்டும் ஒரே புட்டியால் தீர்ந்துவிடாது.

வெள்ளைப் புள்ளிகளை முதலில் பார்ப்போம். ஈரலின் மேல் சுண்ணாம்பு தெறித்தது போலச் சிறு திட்டுகள் இருந்தால், அது பெரும்பாலும் பெரிய உருளைப்புழுவின் வேலை. பன்றி விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு குடலைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்குச் சென்று, அங்கிருந்து நுரையீரல் வழியாக மீண்டும் குடலுக்கு வந்து சேருகிறது. ஈரலில் அது ஊர்ந்த தடங்கள் ஆறிய வடுக்களே நீங்கள் கேள்விப்பட்ட புள்ளிகள். மீண்டும் தொற்று ஏற்படாவிட்டால் ஐந்தாறு வாரங்களில் இவை மறைந்துவிடும் என்பதால், விற்கும் வயதுப் பன்றியில் புள்ளிகள் இருந்தால் கடைசி ஒன்றரை மாதத்திற்குள்ளும் அது முட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். இதற்கு எந்தச் சத்து மருந்தும் உதவாது. கால்நடை மருத்துவரைக் கேட்டு ஃபென்பெண்டசோல் அல்லது ஐவர்மெக்டின் கொண்டு முறையாகக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். தாய்ப்பன்றிக்கு ஈனுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே மருந்து கொடுத்து, மடியையும் கழுவி, சுத்தமான அறைக்கு மாற்றுங்கள். இந்தப் புழுவின் முட்டை கொட்டிலின் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கிருமிநாசினியைவிடக் கொதிநீருக்கும் வெயிலுக்குமே அது அஞ்சும். மருந்து கொடுத்த பின் இறைச்சிக்கு விற்பதற்கு முன் விட வேண்டிய இடைவெளியையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிகள் இறந்ததுதான் கவலைக்குரிய செய்தி. கூட்டத்திலேயே வேகமாக வளரும் குட்டி, முன்னறிகுறி எதுவுமின்றி ஓர் இரவில் இறப்பது வைட்டமின் ஈ, செலினியம் குறைபாட்டால் வரும் ஈரல் அழிவின் வழக்கமான போக்கு. வயிற்றைத் திறந்தால் ஈரல் வீங்கி, ஒரு துண்டு நாவல்பழ நிறமாகவும் அடுத்த துண்டு வெளிறிய மஞ்சளாகவும், மொசைக் தரை போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். எலிகளில் ஈரல் அழுகுவதைச் செலினியம் தடுக்கிறது என்பது 1957-இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை அதை நஞ்சாக மட்டுமே அறிந்திருந்தார்கள். அமெரிக்க அரசு பன்றித் தீவனத்தில் அதைச் சேர்க்க அனுமதித்தது 1974-இல்.

உங்கள் பண்ணையில் இந்தக் குறைபாடு வர வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. உணவகக் கழிவில் பலமுறை காய்ந்த எண்ணெய் இருக்கும். அரிசித் தவிடும் சில நாட்கள் கிடந்தாலே காறல் வாடை அடிக்கும். கெட்டுப்போன கொழுப்பு, தீவனத்தில் இருக்கும் வைட்டமின் ஈ-யை அழிப்பதோடு உடலின் தேவையையும் கூட்டிவிடுகிறது. ஆகவே மூன்று பொருள்களில் உங்களுக்குப் பயன்படக்கூடியது வைட்டமின் ஈ–செலினியம் ஒன்றுதான். அதிலும் அளவை மீறக் கூடாது. குட்டிகளுக்கு ஒரு டன் தீவனத்தில் சுமார் 300 மில்லிகிராம் செலினியம் போதும். சோடியம் செலினைட் உப்பாகக் கணக்கிட்டால் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு டன்னுக்கு 5 கிராம் செலினியத்தைத் தாண்டினால் முடி உதிரும், குளம்பு மேல்விளிம்பில் பிளந்து கழலும். எனவே வீட்டில் கையால் கலக்காமல், ஏற்கனவே நீர்த்த நிலையில் விற்கும் தாது உப்புக் கலவையையே வாங்குங்கள். அதில் செலினியம் இருந்தால் தனிப் பவுடரை மேலும் சேர்க்க வேண்டாம். அளவைக் கூட்டினால் பலன் கூடுமா என்று கேட்டீர்கள். செலினியத்தில் கூடுவது நஞ்சு மட்டுமே.

கோலின் குறைந்தால் ஈரலில் கொழுப்பு படியும் என்பது உண்மைதான். ஆனால் சோயாப் புண்ணாக்கு போதுமான அளவு சேர்த்த தீவனத்தில் வளரும் பன்றிக்குக் கோலின் தட்டுப்பாடு அரிது. நீங்கள் சோயாவே சேர்க்காததால், கோலின் வாங்கும் காசுக்கு அதைச் சேருங்கள், புரதமும் கூடும். ஈரல் டானிக் புட்டிகளில் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி முதலிய மூலிகைகள் இருக்கும். மஞ்சள் காமாலை என்றதும் நம் கை கீழாநெல்லியைத் தேடும் பழக்கம் பழையது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஈரலைத் தாக்கும் பொருள் தினமும் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கும்போது, மேலே பத்து மில்லி டானிக் ஊற்றுவது ஒழுகும் கூரையின் கீழ் நின்று தலை துவட்டுவதற்குச் சமம்.

இதே மாதிரியான சாவை பூஞ்சை நஞ்சும் பன்றிக் காய்ச்சலும் உண்டாக்கலாம் என்பதால் ஊகத்தில் நிற்க வேண்டாம். அடுத்து ஒரு குட்டி இறந்தால் அன்று காலையிலேயே மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். நம் வெயிலில் நண்பகலுக்குள் ஈரல் கரைந்து எதையும் சொல்லாமல் போய்விடும்.

கேள்வி: மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கிறது. வேகவைத்து, டாக்சின் பைண்டர் சேர்த்துப் பன்றிகளுக்குக் கொடுத்தால் ஈரலுக்குப் பாதிப்பு வராது என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வேகவைப்பதால் பூசணம் சாகும், அது ஏற்கனவே சுரந்து வைத்த அஃப்ளாடாக்சின் சாகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்று இந்த நஞ்சை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது கடலைப் புண்ணாக்குதான் என்பதை நம் ஊர் பண்ணையாளர்கள் நினைவில் வைப்பது நல்லது.

டாக்சின் பைண்டர் என்பது பெரும்பாலும் பெண்டோனைட் போன்ற களிமண் வகை. குடலில் அஃப்ளாடாக்சினைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும் திறன் அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் பூசணம் ஒரே நஞ்சை மட்டும் சுரப்பதில்லை. வேறு நஞ்சுகள் பலவற்றை அந்தக் களிமண் பிடிப்பது மிகக் குறைவு. ஏற்கனவே புண்பட்ட ஈரலையும் அது ஆற்றாது. கண்ணுக்குத் தெரியாத சிறு மாசுக்குக் காப்பாக அதை வைத்துக்கொள்ளலாம். பச்சையாகப் பூத்திருக்கும் தானியத்தைத் தின்னத் தகுந்ததாக்கும் மருந்தாக நினைக்கக் கூடாது.

அமெரிக்காவில் இளம் பன்றிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 20 மைக்ரோகிராம், இனப்பெருக்கப் பன்றிக்கு 100, 45 கிலோவைத் தாண்டிய கொழுப்பேற்றும் பன்றிக்கு 200 என்று இந்த நஞ்சுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். குட்டிகளுக்கும் சினைப்பன்றிகளுக்கும் ஏன் கூடுதல் கவனம் வேண்டும் என்பது இதிலேயே தெரியும். தாய் தின்ற நஞ்சு பாலிலும் இறங்கும். வாங்கும் முன், மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் கை நிறைய எடுத்துக் கலந்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒரே மூட்டையில் ஓரிடம் சுத்தமாகவும் ஒரு சாண் தள்ளி நஞ்சாகவும் இருக்கும் என்பதால் ஒரு பிடி மாதிரி ஏமாற்றிவிடும்.

கேள்வி: மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போட்டதும், மறுநாளே நான்கு குட்டிகள் இறந்தன. ஊசியை நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம். குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு தேவைப்பட, தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம்தான். ஆனால் வைட்டமின் ஈ-யும் செலினியமும் குறைந்த தாயின் குட்டிகளுக்கு, வழக்கமான 200 மில்லிகிராம் ஊசியே ஈரலிலும் தசையிலும் நஞ்சாக மாறிவிடுவது உண்டு. அடுத்த ஈற்றுக்கு முன் தாயின் தீவனத்தைச் சரிசெய்து, மருத்துவர் சொன்னால் அதற்குச் சினைக்காலத்திலேயே வைட்டமின் ஈ–செலினியம் ஊசி போடுங்கள். ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்திருந்ததா என்றும் பார்க்கவும். அழுக்கு ஊசியாலும் குட்டிகள் இறக்கும்.

கேள்வி: மீந்துபோன பன்றித் தீவனத்தைச் செம்மறியாடுகளுக்குப் போடலாமா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: போடவே கூடாது. வளர்ச்சிக்காகப் பன்றித் தீவனத்தில் கிலோவுக்கு 125 முதல் 250 மில்லிகிராம் வரை தாமிரம் சேர்ப்பதுண்டு. இரும்பும் துத்தநாகமும் போதிய அளவு இருந்தால் பன்றியின் ஈரல் அதைத் தாங்கும். செம்மறிக்கோ 25 மில்லிகிராமே ஆபத்து. அதன் ஈரல் தாமிரத்தைப் பித்தத்தில் கழிக்கத் தெரியாமல் வாரக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒரு நாள் மொத்தமாக இரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும் ஆடு இரண்டொரு நாளில் இறந்துவிடும். மூட்டையை ஆட்டுக் கொட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்தியதைக்கூடக் கூட்டி எடுத்துவிடுங்கள்.