கக்கனும் உங்கள் அப்பாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காமராஜர் ஆட்சியில் அமைச்சராக இருந்தும் எளிமையாகவே வாழ்ந்த கக்கன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் அப்பாவின் நினைவு வந்தது. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் கை நீட்டியதில்லை. அம்மா இரவெல்லாம் துணி தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். சில மாதங்களுக்கு முன் அப்பா காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள், "நல்ல மனுஷன், பிழைக்கத் தெரியாதவர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பின் தெரியாத ஒரு பாட்டி மட்டும், "என் விதவைப் பென்ஷனுக்கு வீடு தேடி வந்து விசாரிச்ச மகராசன்" என்று அழுதார். நினைவு மலர் ஒன்று கொண்டுவர ஆசை. அண்ணனோ, "அவர் நேர்மையால கஷ்டப்பட்டது நாமதானே, அதை என்னன்னு எழுதுறது?" என்கிறான். கக்கன் வீட்டிலும் இப்படித்தான் நினைத்திருப்பார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள்.

கக்கனை நாம் நினைவுகூரும் விதத்தில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மதுரை அரசு மருத்துவமனைக்கு வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர்., பொது வார்டில் கக்கனைக் கண்டு திகைத்துப்போனார். மேடைதோறும் இதைச் சொல்லிக் கண்கலங்குகிறோம். பத்தாண்டு மந்திரியாக இருந்தவரை அந்த நிலையில் விட்டதற்கு நாம் வெட்கப்பட வேண்டும். அந்த வார்டையே திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் செய்த வேலையையும் மறந்துவிட்டோம். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அமைச்சர் அவர். 1964இல் லஞ்ச ஒழிப்புத் துறை தொடங்கப்பட்டபோது உள்துறை அமைச்சரும் அவர்தான். இதை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறீர்கள்?

வீட்டார் என்ன நினைத்தார்கள் என்று அவர்கள் சார்பில் நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் குடும்பத்தை விட்டு ஒதுங்கி நின்ற மனிதர் இல்லை. மனைவி சுவர்ணம் பார்வதி பள்ளி ஆசிரியை. கணவர் மந்திரியான பிறகும் வேலைக்குப் போய்வந்தவர். அந்தச் சம்பளம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்ததை யோசித்துப் பாருங்கள். கக்கனின் நேர்மையில் பாதி அந்த அம்மாளுடையது என்பேன். தன் தம்பிக்குக் கிடைக்கவிருந்த போலீஸ் வேலையைக் கக்கனே தடுத்தார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தம்பிக்கு நிச்சயம் வலித்திருக்கும். உங்கள் அண்ணனுக்கு இருப்பதும் அதே வலிதான். அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் கக்கனும் ஒருவர். 1955இல் ஐயர் இறந்தபோது, அவர் மகன்களோடு தானும் ஒரு மகனாக நின்று இறுதிச் சடங்கு செய்தார். மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் கிராமப் பூசாரி மகனாகப் பிறந்து, சாதியின் பெயரால் கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர், ஒரு பிராமண வீட்டின் துக்கத்தில் மகனாக நின்றார். எனக்கு ஆஸ்பத்திரிக் காட்சியைவிட இது பெரியது.

சரி, மலருக்கு வருவோம். "நேர்மையானவர், எளிமையானவர்" என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். படிப்பவர் மனதில் அது நிற்காது. அந்தப் பாட்டியைத் தேடிப் போங்கள். மனு எத்தனை நாள் கிடந்தது, அப்பா வந்து என்ன கேட்டார், எந்தக் காகிதம் குறைந்தது, பணம் எப்போது கைக்கு வந்தது என்று விசாரித்து அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களையும் கேளுங்கள். அப்பாவிடம் குறை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 1965 மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது கக்கன்தான் உள்துறை அமைச்சர். அவர்மேல் எவ்வளவு மதிப்பிருந்தாலும் அதை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுத முடியாது.

அண்ணனுக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள். அவருக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று அவரே எழுதட்டும். அம்மாவின் தையல் வேலைக்குத் தனி அத்தியாயம் வையுங்கள். அட்டையில் அப்பா படத்தோடு அம்மா படமும் வரட்டும். அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்