பழைய மோரிஸ் மைனருக்குத் தட்டை பிஸ்டனா, குழி பிஸ்டனா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: 1098 சிசி மோரிஸ் மைனர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டீர்கள், ரீபோர் செய்தே, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியே ஆகவேண்டும். மேற்புறம் தட்டையாக உள்ள பிஸ்டனைப் போட்டுக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலந்த காற்று எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதை, 9.5-க்கு ஏற்றலாமா, பழையபடி குழி பிஸ்டனே போதுமா? பினாங்கு வெயிலுக்கும் 95 எண்ணெய்க்கும் (95 ஆக்டேன் பெட்ரோல்) எது தாங்கும்?

நான் முதலில் தப்பாகச் செய்து, காசு போன பிறகு சரியாகச் செய்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் வாங்கிய காடி அது. அவருக்குப் பிறகு பல வருடம் தார்ப்பாயின் கீழே கிடந்தது. நான் எடுத்துச் செய்தபோது சிலிண்டர் தேய்ந்திருந்ததால் 020 ஓவர்சைஸ், அதாவது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன். கடையில் இரண்டு வகை இருந்தன. நடுவில் கிண்ணம்போலக் குழிந்தது ஒன்று, தட்டையானது ஒன்று. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. தட்டை போட்டால் 'பவர்' என்றார்கள். ஆசை யாரை விட்டது?

மாட்டி ஓட்டினேன். ஜார்ஜ்டவுன் சாலையில் குதிரை மாதிரி ஓடியது. டுரியான் சீசனில் குடும்பத்தோடு பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவுக்கு ஏறினோம். வளைவில் மூன்றாவது கியரில் மிதித்தபோது, டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம். வால்வு சத்தம் என்று நினைத்து மேலும் மிதித்தேன். அது நாக்கிங்: கம்ப்ரஷன் அளவுக்கு மீறினால் பெட்ரோல் சீராக எரியாமல் தானாக வெடிக்கும் சத்தம். இரண்டு மாதம் இப்படியே போனது. பிறகு எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள், நடுநடுவே வெள்ளியாக மினுங்கும் பொடிகள். மிளகு இல்லை, அது பிஸ்டனின் அலுமினியம். பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரம்பு உடைந்து, சிலிண்டரையும் கீறியிருந்தது.

ரீபோர் கடைச் சீனத் தவுக்கே (முதலாளி) சிலிண்டர்களுக்கு மூடியாக இருக்கும் எஞ்சின் தலையைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இனி சுடா போத்தோங் லா" என்றார். அவர் மலாயில் சொன்னது, ஏற்கெனவே யாரோ இதை வெட்டியிருக்கிறார்கள் என்று. அப்பா காலத்தில் ஒருமுறை எஞ்சின் சூடேறித் தலை வளைந்ததையும், அதைச் சீவிக் கொடுத்ததையும் அம்மா அதற்குப் பிறகுதான் சொன்னார். தலையைச் சீவினால் எரியறை சுருங்கும். சுருங்கிய அறைக்குக் கீழே நான் தட்டை பிஸ்டனையும் வைத்திருக்கிறேன்!

அன்று இரவு அளந்தேன். முதல் நாளே அளந்திருக்க வேண்டும். தலையை வால்வோடும் பிளக்கோடும் கவிழ்த்து மட்டமாக வையுங்கள். எரியறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட ஒரு பெர்ஸ்பெக்ஸ் துண்டை அதன்மேல் அழுத்துங்கள். மருந்துக்கடை சிரிஞ்சில் கொஞ்சம் சாயம் கலந்த மண்ணெண்ணெய் எடுத்து ஓட்டை வழியாக விடுங்கள். கடைசியில் பட்டாணி அளவு காற்றுக்குமிழி நிற்கும். தலையை லேசாகச் சாய்த்து அதை ஓட்டைப் பக்கம் ஓட்டி, அந்த இடமும் நிறையும்வரை ஊற்றினால், மொத்தம் எத்தனை சிசி விட்டீர்களோ அதுதான் அளவு. எனக்கு 24 வந்தது. பிஸ்டன் குழியையும் இதே முறையில் அளக்கலாம்.

இனிக் கணக்கு. சிலிண்டர் உறிஞ்சும் அளவோடு, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடத்தைக் கூட்டுங்கள். வந்ததை அந்த மிச்ச இடத்தால் வகுத்தால் கம்ப்ரஷன் ரேஷியோ. 1098-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 64.58 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83.72 மி.மீ. 020 ஓவர்சைஸில் ஒரு சிலிண்டர் 278.6 சிசி. மிச்ச இடம் என்பது எரியறை 24, கேஸ்கெட் தடிப்புக்கு 3, பிஸ்டன் உச்சியில் பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) மேல்மட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் கீழே நின்றதற்கு 1.7. ஆக 28.7. வகுத்தால் 10.7! பிளக்குக்குப் பொறி அனுப்பும் அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டரோடும் 95 எண்ணெயோடும் நான் 10.7-இல் மலை ஏறியிருக்கிறேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு என் எஞ்சின் தலை எப்படி இருந்தது என்று தெரியாது, அவ்வளவுதான்.

கீறல் விழுந்ததால் அடுத்தது 040, அதாவது ஒரு மில்லிமீட்டர் பெரியது. இந்த முறை 6.5 சிசி குழியுள்ள பிஸ்டன். சிலிண்டர் 283 சிசி ஆனது, மிச்ச இடம் 35.2, கம்ப்ரஷன் 9.0. இதே குழி பிஸ்டன் 020-இல் 8.9 தந்திருக்கும். போர் பெரிதானாலே கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தலையை அளக்காமல் பிஸ்டன் வாங்காதீர்கள். அளந்த பிறகு 8.5-க்கும் 9-க்கும் நடுவில் நிற்கும்படி குழியின் ஆழத்தைத் தேர்ந்தெடுங்கள். 9.5 நடக்காது என்று சொல்லவில்லை. 97 ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைச் சரியாக அமைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிடைப்பது என்ன? 8.5-இலிருந்து 9.5-க்குப் போனால் ஏட்டுக்கணக்கில் எஞ்சினின் திறன் 3 சதவீதம் கூடும். இந்த எஞ்சின் புதிதில் தந்தது 48 குதிரைத்திறன். அதில் 3 சதவீதம் ஒன்றரைக் குதிரை. அதற்காக ஒவ்வொரு முறையும் 97 விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டுமா? என் கருத்தில், அந்தக் காசைக் கார்புரேட்டரைப் புதுப்பிக்கவும் ரேடியேட்டரைக் கழுவவும் கொடுத்தால் காடி நிஜமாகவே நன்றாக ஓடும். நம் ஊரில் காற்று எஞ்சினுக்குள் போகும்போதே சூடாகத்தான் போகிறது. மத்தியானம் குர்னி டிரைவ் நெரிசலில் நின்றுவிட்டு மலை ஏறும் எஞ்சினுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் விட வேண்டும்.

ஃபோர்ஜ்டு, அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கிய பிஸ்டன் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். ரேஸுக்குப் போகாவிட்டால் வேண்டாம். அது சூட்டில் அதிகம் விரியும் என்பதால் போரில் இடைவெளி கூட வைக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் லொட லொட என்று தட்டும், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். சாதாரண வார்ப்பு பிஸ்டனே போதும்.

இன்னொன்று, வரிசை முக்கியம். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரைக் குடையச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, தயாரிப்பாளர் தாளில் சொல்லும் இடைவெளி விட்டுக் குடைவதுதான் முறை. "020 போட்டு வை தவுக்கே, பிஸ்டன் பிறகு கொண்டு வர்றேன்" என்றால் நல்ல கடைக்காரர் முடியாது என்பார். சரி என்று வாங்கிக்கொள்பவரிடமிருந்து பிளாக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி அதன் வாய் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் பார்த்துவிடுங்கள். இந்த அளவு போருக்குக் கால் மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. எஞ்சின் தலை கையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் போட்டுக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த எண்ணெயை நம்பிச் செய்த தலை அது.

கடைசியாக, பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் எஞ்சின் நம்பருக்கு முன்னால் வரும் எழுத்துகளில் 'எச்' இருந்தால் ஃபேக்டரியிலிருந்து 8.5, 'எல்' இருந்தால் மட்ட எண்ணெய்க்காகச் செய்த 7.5. உங்கள் எஞ்சின் எதுவாகப் பிறந்தது என்று அதில் தெரியும். நடுவில் யார் என்ன செய்தார்கள் என்று அது சொல்லாது, அதற்குச் சிரிஞ்ச்தான். பிளாக்கைக் கழுவக் கொடுக்கும் முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்து வையுங்கள். கழன்று போனால் கடையில் யாரும் தேடித் தர மாட்டார்கள். காடி கிராண்டில் (பதிவுப் பத்திரம்) இருக்கும் நம்பரோடு, வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதைத்தான்.